பறக்கலாமா என்று இனி நீதான் சொல்ல வேண்டும்

நைனா,

நீ என்னை நைனா என்று கூப்பிடுவாய். நானும் உன்னை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நம் பக்கத்தில் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பேர். கல்யாணமான புதிதில் ரேவதி, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று புரியாமல் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். உனக்குத் தமிழ் படிக்க வரும், எழுத வராது. நீ பதில் எழுத மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ எப்போதும் எங்கேயோ நடந்துகொண்டே பேசுகிறாய். நான் ஒரு பேச்சை ஆரம்பித்து அது முடிவதற்குள் நீ போக வேண்டிய இடம் வந்துவிடுகிறது. காகிதம் என்றால் நீ உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலியாவிலிருந்து நீ கூப்பிட்டபோது உன் குரலே வேறு மாதிரி இருந்தது. "நைனா, இனிமே டாக்டர் சர்டிபிகேட் வேணாம். ரூல் வந்து கொஞ்ச நாளாச்சு, நான் இப்பதான் முழுசா படிச்சேன். சின்ன பிளேன், பகல்ல மட்டும், கூட ஒரே ஒரு ஆள். அதுக்கு நானே ஃபிட்டுனு டிக்ளேர் பண்ணிட்டா போதும். திரும்பவும் பறக்கலாம் நைனா" என்றாய். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நீ ஆறாம் வகுப்பில் சைக்கிள் கேட்ட பிள்ளை போல இருந்தாய். நான் "சரி நைனா, சந்தோஷம்" என்றேன். சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் நீ காரில் ஏறிவிட்டாய்.

மறுநாள் காலையில் ரேவதி கூப்பிட்டாள். நீ ஆபீஸ் போன பிறகு. "சாப்டீங்களா மாமா" என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "டாக்டர் பறக்க வேணாம்னு சொன்னப்ப அவர் எவ்ளோ கஷ்டப்பட்டார்னு எனக்குத் தெரியும் மாமா. ஆனா நான் உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்தேன். சண்டை போட வேண்டிய வேலைய டாக்டரே பார்த்துக்கினாரு. இப்ப வேணாம்னு சொல்ல யாரும் இல்ல. நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க சொல்லுங்க மாமா." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க வேறு யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் யோசிக்க நிறைய இடம் இருக்கிறது.

உனக்குப் பிரஷர் வந்ததும், அந்த நெஞ்சுப் பரிசோதனையில் ஏதோ கோடு சரியில்லை என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பியதும், அவர் எல்லாம் சரிதான் என்று எழுதிக் கொடுப்பதற்குள் முதல் ரிப்போர்ட் பழசாகிப்போய், லீவு நாளில் நீ சின்ன பிளேன் ஓட்டுவது நின்றுபோனதும் எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னாய். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு எல்லா டாக்டரும் சொல்றாங்க நைனா, எல்லாரும் ஒரே வாரத்துல சொல்ல மாட்டேங்கறாங்க, அவ்ளோதான்." அப்புறம் ஒருநாள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாய். விட்டுவிட்டவனை ஏன் கிளற வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

நான் ஏன் ரேவதி சொன்னதை உடனே செய்யவில்லை என்பதற்கு உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பஸ் ஓட்டுவதை விட்டது உனக்குத் தெரியும். கண் போய்விட்டது, அதனால் விட்டேன் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். அப்போது நீ பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அதற்குமேல் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். பரீட்சை முடிந்த பிறகு சொல்லும் அளவுக்கு அது பெரிய கதையாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் சாயங்கால வண்டி. சந்திரகிரி தாண்டியதும் வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்கும், அது பழக்கம்தான். அன்றைக்குச் சித்தூர் நெருங்குகிற நேரத்தில் வெயிலுக்குள் ஏதோ கரி மாதிரி விழுந்தது. முதலில் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து வைப்பரைப் போட்டேன். அழுக்கு நகர்ந்தது. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே அதுவும் வந்தது. கறுப்பு நூல் மாதிரி, ஒட்டடை மாதிரி, வலது கண்ணுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. இடது கண் நன்றாகத்தான் இருந்தது. எதிரில் வந்த டிராக்டர், அதன் பின்னால் இருந்த வைக்கோல், எல்லாம் தெரிந்தது. ஆனால் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஒரு புளியமரத்தின் ஓரமாக வண்டியை ஒதுக்கி, இஞ்சினை அணைத்தேன்.

வண்டி நிறைய ஆள். நின்றுகொண்டிருந்தவர்களே கொஞ்சம் பேர் இல்லை. "ஏமய்யா, பண்டி எந்துக்கு ஆபினாவு?" என்று, வண்டியை ஏன் நிறுத்தினாய் எனக் கேட்டுப் பின்னாலிருந்து ஒரு குரல். கண்டக்டர் முன்னால் வந்தான். என்னைவிடச் சின்னவன், நகரி ஊர்ப் பையன், நல்லவன். காதோடு சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. பிறகு அவனே மெதுவாக, "அண்ணா, இன்னும் கொஞ்ச தூரம்தான். நான் பக்கத்துல நின்னு சொல்லிக்கினே வர்றேன். மெதுவா ஓட்டிக்கினு போயிடலாம்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வண்டியை நடுரோட்டில் விட்டால் எனக்குத்தான் மெமோ வரும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் டிப்போ ஆட்களுக்கெல்லாம் கண் பரிசோதனை நடந்தது. நான் பாஸ். டாக்டர் ஒழுங்காகத்தான் பார்த்தார், அன்றைக்கு என் கண் ஒழுங்காகத்தான் இருந்தது. தகுதியுள்ளவன் என்ற சீல் ஆபீசில் இருக்க, நான் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒருவன் சீட்டுகளுக்கு நடுவில் புகுந்து முன்னால் வந்தான். சின்ன வயசு. கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் பிளாஸ்க், துண்டு. "அண்ணா, என் பொஞ்சாதிய சித்தூர் பெரிய ஆஸ்பத்திரில சேத்துக்கிறாங்க. மொதல் பிரசவம். வலி எடுத்துக்கிச்சுன்னு போன் வந்துச்சு. உன் காலப் புடிக்கிறேன், வண்டிய எடுண்ணா" என்றான். நான் அவனிடம் என் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவன் என் கண்ணை உற்றுப் பார்த்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, நைனா. நல்ல கண் மாதிரியே இருக்கும். "பொய் சொல்றான், டூட்டி முடிஞ்சு போச்சு இவனுக்கு" என்று அவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி நின்றேன். சாவி வண்டியிலேயே இருந்தால் நானே மறுபடி ஏறி உட்கார்ந்துவிடுவேன் என்று பயம்.

கண்டக்டர் அந்தப் பையனை ஒரு தக்காளி வேனில் ஏற்றிவிட்டான். மற்றவர்களைப் பின்னால் வந்த வண்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினான். போகும்போது ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பையனுக்கு என்ன குழந்தை பிறந்தது, சரியான நேரத்துக்குப் போனானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாண வயசு இருக்கும். டிப்போவில் கேட்டார்கள்: "போன மாசம் நல்லா இருந்த கண்ணு, இன்னிக்கு எப்படிப் போச்சு?" கேட்டவரும் நல்ல மனுஷர்தான், அவருக்கு எழுத ஒரு காரணம் வேண்டும். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிய பிறகுதான், சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுவரைக்கும் நான் வேலைக்குச் சோம்பல்பட்டவன்.

அன்று வீட்டுக்கு வந்து அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து அழுதேன். நீ உள்ளே சத்தம் போட்டு அறிவியல் படித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "வண்டில இருந்தவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?" "போயிட்டாங்க." "அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? வா, துன்னு." அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. ஊரெல்லாம் சோம்பேறி என்று சொல்லட்டும், அவள் தட்டில் சோறு போட்டுவிட்டாள்.

அதன் பிறகு சித்தூர் பஸ் ஸ்டாண்டில் மைக் முன்னால் உட்கார்த்தினார்கள். அது உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என் குரலை உன்னிடம் செய்து காட்டுவார்களாம். தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. வேலூர் வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது, திருப்பதி வண்டி மூன்றாவது மேடையில் நிற்கிறது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மற்றவர்கள் புறப்படுவதை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு மாதிரியான வேலை. என் பழைய வண்டி வெளியே போகும்போது கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

போன வருஷம் நான் ஆஸ்திரேலியா வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை நீ என்னை அந்தச் சின்ன விமானத்தளத்துக்கு அழைத்துப் போனாய். உள்ளே போகவில்லை. கம்பி வேலிக்கு வெளியே காரை நிறுத்தி, காபி வாங்கிக் கொடுத்தாய். நாம் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். பின்னால் ஒரு விமானம் கிளம்பியது. நீ திரும்பிப் பார்க்காமலேயே அது என்ன விமானம், யாருடையது, இஞ்சினை இன்னும் கொஞ்சம் சூடாக விட்டிருக்கலாம் என்று சொன்னாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பேசியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் இருந்தது நைனா, எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். காபி நன்றாக இருக்கிறது என்றேன். நீயும் ஆமாம் என்றாய். ஒரே காருக்குள் அப்பனும் மகனும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தோம்.

அதனால் வேண்டாம் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்று முன்தினம் ரேவதியைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். "நான் அவனத் தடுக்கப் போறதில்லம்மா." அவள், "அப்ப ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள். நான், "டாக்டர் சீல் குத்தினாலும் ஏதாவது ஆகலாம்மா. எனக்கு ஆச்சு" என்றேன். கண்ணைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில், "உங்களுக்கு எதிர்ல அத்தை இருந்தாங்க மாமா. அவர் என்கிட்ட எதையுமே சொல்றதில்ல" என்றாள். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. கோபமாக இருக்கலாம். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அவள் சொன்னதைத்தான் நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கண் பரிசோதனை நாளில் எங்கள் டிரைவர்கள் வரிசையில் நிற்கும்போதே போர்டில் இருக்கும் எழுத்துகளை முன்னால் போய் வந்தவனிடம் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எழுத்து தெரியவில்லை என்று சொன்னால் ஸ்டியரிங் போய்விடும், டிரைவர் சம்பளம் போய்விடும், வீட்டில் மரியாதை போய்விடும். அதனால் டாக்டரிடம் மறைப்பார்கள்; மறைத்து மறைத்து, கடைசியில் தங்களுக்கே மறைத்துக்கொள்வார்கள். உனக்கு வந்திருக்கும் ரூல் தப்பு என்று நான் நினைக்கவில்லை. வருஷத்தில் ஒருநாள் பார்க்கிற டாக்டரைவிட, தினமும் அந்த உடம்புக்குள் இருக்கிறவனுக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் தெரிவது வேறு, சொல்வது வேறு. முன்பெல்லாம் உன்னை எடை போட்டுப் பார்க்க எதிரில் ஒரு ஆள் இருந்தார். இப்போது அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் ரேவதியை உட்கார வை.

அனுமதி கேட்கச் சொல்லவில்லை. பறக்கப் போகிற அன்று காலையில், ராத்திரி தூங்கினாயா, தலை கனக்கிறதா, மாத்திரை போட்டாயா, மனசில் ஏதாவது குமைகிறதா, அதை வாய் திறந்து அவளிடம் சொல். அவள் டாக்டர் இல்லை. ஆனால் உன் வாயிலிருந்து வரும்போது அது உன் காதிலும் விழும். இன்றைக்கு வேண்டாம் என்று உனக்குத் தோன்றி, காரைத் திருப்பிக்கொண்டு வந்தால், ஏன் வந்துவிட்டாய் என்று கேட்காமல் அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைக்க வேண்டும். அதை அவளிடமும் சொல்கிறேன், அவள் என் போனை எடுக்கும்போது. கூட ஒரு ஆளுக்கு இடம் உண்டு என்றாயே, என்றைக்காவது அவளே ஏறி உட்காரட்டும். உட்கார மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதே.

இவ்வளவும் உனக்கு எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனேன். மூட முடியவில்லை. உன்னைப் பற்றி நீ உண்மை சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதுகிற நான், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன்னிடம் என்ன சொல்கிறேன்? "நல்லாக்கிறேன் நைனா, எனக்கு இன்னா கொறச்சல்." நீயும் அதை எழுதி வாங்கிக்கொண்டது போலப் போனை வைத்துவிடுகிறாய். எனக்கும் பரிசோதனை செய்ய ஆள் இல்லை. அம்மா போன பிறகு என் சர்டிபிகேட்டில் நானேதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் கேட்டுக்கொள். இடது கண்ணும் இப்போது மங்கலாகிவிட்டது. பஸ்ஸின் போர்டு கிட்டே போனால்தான் தெரிகிறது, அதனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவதை விட்டுவிட்டேன். பழைய ஆட்களைப் பார்ப்பதும் அதோடு நின்றுவிட்டது. போன மாதம் குளியலறையில் விழுந்தேன். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அப்போது கூப்பிட ஒரு பேர் கூட எனக்கு வாயில் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ராத்திரிக்குச் சமைப்பதில்லை, பன்னும் பாலும்தான். மாங்காய்க் காலத்தில் மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் போகிற லாரிகள் நம் தெருவழியாகப் போகும்போது ஜன்னலில் நிற்கிறேன், டிரைவர்களின் பேச்சு கேட்கும். சில நாள் தண்ணீர்க் கேன் போடுகிறவனோடு மட்டும்தான் பேசியிருக்கிறேன் என்பது படுக்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவனை நிறுத்திவைத்து இரண்டு வார்த்தை கூடப் பேச, கேன் மூடி சரியில்லை என்று பொய் சொல்கிறேன்.

உன்னோடு வந்து இருக்கச் சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றேன். அந்த ஊரில் நடந்து போக ஒரு டீக்கடை கிடையாது, உங்களுக்கு நான் ஒரு பாரம் என்று காரணம் சொன்னேன். இன்னமும் எனக்கு அங்கே வர மனசில்லை. எங்கே இருக்க வேண்டும், யார் கூட இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் ரேவதியும் நானும் சேர்ந்துதான் யோசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்: தனியாக இருக்க எனக்கு இப்போது தகுதி இல்லை, நைனா. இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.

படித்து முடித்ததும் கூப்பிடு. எப்படிக்கிற என்று நீ கேட்டதும் பழக்கத்தில் நல்லாக்கிறேன் என்றுதான் என் வாயில் வரும். அதோடு வைத்துவிடாதே. இன்னொரு தடவை கேள்.

உன் நைனா